நடை திரும்புமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பக்கவாதம் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதியது அரைப்பக்கம்தான். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு துணிப்பை நிறைய இருக்கின்றன. 34 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து, இப்போது ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். மாத்திரை பற்றிய கேள்விகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டேன். அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர். நடை பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

*

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான்கு மாதங்களுக்கு முன் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். கை மட்டும் அப்படியே இருக்கிறது. தினமும் காலுக்கு எண்ணெய் தேய்க்கிறோம். 'மூன்று மாதத்துக்குள் வந்ததுதான் வந்தது, இனி வராது' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு மகள், தேவகோட்டை

எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அப்பாவின் காலில் எந்த நோயும் இல்லை. வார்டு வார்டாக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருக்கிறது. எலும்பு, தசை, காலுக்குள் ஓடும் நரம்பு எல்லாம் பழையபடியே இருக்கின்றன. ரத்தம் கிடைக்காமல் போனது, உடலின் வலப்பக்கத்தை இயக்குகிற இடப்பக்க மூளைக்கு. எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. மகள் கை படுவதில் அவருக்கு ஓர் ஆறுதல் இருக்கும். ஆனால் அந்த அரைமணி நேரம் நடைக்குப் போயிருக்க வேண்டிய நேரம் என்றால் எனக்குக் கோபம் வரும். உள்ளங்காலில் எண்ணெய் ஈரத்தோடு அவரை மொசைக் தரையில் நிற்கவைத்தால் இன்னும் கோபம் வரும்.

கால் வந்து கை வராமல் இருப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. மூளையில் கைக்கும் முகத்துக்கும் உரிய இடம் பக்கவாட்டில் இருக்கிறது. காலுக்கு உரிய இடம் மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கிற உட்சுவரில், உச்சந்தலைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் வேறு வேறு. அடைப்பு அதிகம் ஏற்படுவது பக்கவாட்டுக்குப் போகும் குழாயில். பிறகு ஏன் காலும் விழுந்தது என்று கேட்பீர்கள். இரண்டு இடங்களிலிருந்தும் இறங்கும் நரம்பு இழைகள் உள்ளே ஒரு குறுகலான சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே சேதம் என்றால் இரண்டும் படுத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. டிக்கெட் கிழிக்கிற விரல்களுக்கு மூளையின் ஆணை நொடிக்கு நொடி வேண்டும். நடைக்கு அவ்வளவு வேண்டாம். தாமஸ் கிரகாம் பிரவுன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1911இல் பூனைகளை வைத்து ஒன்றைக் காட்டினார்: மூளையோடு தொடர்பு அறுந்த பிறகும் முதுகுத்தண்டு தானாகவே கால் தசைகளை மாற்றி மாற்றி இயக்குகிறது. இடம், வலம் என்ற அந்தத் தாளம் கீழேயே இருக்கிறது. மனிதன் பூனை அல்ல, இரண்டு காலில் நிமிர்ந்து நிற்க நமக்கு மூளை அதிகம் தேவை. ஆனாலும் மேலிருந்து வரும் ஆணை மெலிந்திருக்கும்போது, கீழே ஏற்கெனவே ஒரு தாளம் இருப்பது பெரிய உதவி.

இனி அந்த மூன்று மாதக் கணக்கு. அது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. டென்மார்க்கில் கோபன்ஹேகனில் 804 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்களால் எட்டமுடிந்த சிறந்த நடையை 95 சதவீதம் பேர் 11 வாரங்களுக்குள் எட்டியிருந்தார்கள். ஆனால் அங்கே அளந்தது எதை? ஒருவர் தனியாக நடக்கிறாரா, ஆள் பிடித்து நடக்கிறாரா, நடக்கவே இல்லையா என்பதை. சுவரைப் பிடித்துக் கூடத்தில் நடப்பவர் வாசல்வரை போவதும், வாசல்வரை போனவர் தெருமுனைவரை போவதும் அந்த அளவுகோலில் அவ்வளவாகத் தெரியாது. முதல் மூன்று மாதங்களில் மூளை தானாகவே நிறையச் சரிசெய்துகொள்ளும். அதன் பிறகு வருவது மெதுவாக வரும், உழைத்தால்தான் வரும். 'வராது' என்பதற்கும் 'சும்மா இருந்தால் வராது' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு உழைக்க வேண்டும்? வட அமெரிக்காவில் சிகிச்சைக் கூடங்களில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நடைப் பயிற்சி நடந்த ஒரு வேளையில் நோயாளி எடுத்துவைத்தது சராசரியாக 357 அடிகள்தான். அது போதாது. அதைப் படித்த அன்று நான் வெட்கப்பட்டேன், ஏனென்றால் எங்கள் கூடத்தில் அதுகூட இருந்திருக்காது. வரிசையில் இருபது பேர் காத்திருப்பார்கள். மீதி அடிகள் வீட்டில்தான் விழ வேண்டும்.

அந்த அடிகளை எப்படி வைக்கச் சொல்வது என்பதில் நானே பல ஆண்டுகள் தவறு செய்திருக்கிறேன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு பெரியவர். கதிர் அறுக்கும்போது அரிவாள் வீசுவதுபோலக் காலை அரைவட்டமாக வீசி நடப்பார். 'முழங்காலை மடக்குங்கள், பாதத்தைத் தூக்குங்கள், குதிகாலை முதலில் வையுங்கள்' என்று நான் ஓயாமல் சொல்வேன். அவரும் தன் பாதத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் மின்சாரம் போய்விட்டது. வியர்வை வழிய நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட நான், 'ஐயா, ஜன்னலில் இருக்கிற தண்ணீர்ச் செம்பைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்' என்று கேட்டேன். அவர் எழுந்து போய் எடுத்துவந்தார். பாதத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதுவரை அவ்வளவு நன்றாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து உறுப்பைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

அதனால் அப்பாவிடம் 'காலை மடக்கு' என்று சொல்லாதீர்கள். வாசலில் செய்தித்தாளைப் போடச் சொல்லிவிட்டு, போய் எடுத்துவரச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நடங்கள், அவருடைய வலப்பக்கமாக. பிடிக்க வேண்டியிருந்தால் இடுப்பு வேட்டியையோ பெல்ட்டையோ பிடியுங்கள். விழுந்த கையை இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டு நழுவிப்போகும், பிறகு அந்த வலிக்கே ஆறுமாதம் போய்விடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை, களைப்பைப் பார்த்து, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை செய்யவையுங்கள். யாராவது சீராகக் கைதட்டிக் கொடுங்கள், தாளத்துக்கு அடி வைத்தால் அடி நீளும். கண்டக்டராக இருந்தவர், விசிலைக் கொடுத்தால் அவரே ஊதிக்கொள்வார்.

*

கேள்வி: மாமனாருக்குப் புறா ரத்தம் தேய்த்தால் வாதம் இறங்கும் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒருவருக்குத் தேய்த்து நடந்தாராம். தேய்க்கலாமா?
– வாசகி, ஆண்டிப்பட்டி

புறாவை விட்டுவிடுங்கள். அவர் நடந்திருப்பார், பொய் இல்லை. முதல் சில வாரங்களில் பலருக்குத் தானாகவே கொஞ்சம் திரும்பும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தாலும் பெயர் அவர்களுக்குப் போய்விடும். புறாவுக்கும் போகும், பிசியோதெரபிஸ்டுக்கும் போகும். நானும் அப்படிச் சில பெயர்களை வாங்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் கவனம்: மறுபடி திடீரென வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை நழுவினாலோ எதையும் தேய்த்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் போடுவார்கள் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

*

கேள்வி: நான் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறேன். பாட்டிக்கு வாதம் வந்தபோது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். அதற்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அப்படியானால் நடக்கும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்த்தார்கள்?
– மாணவர், நாகர்கோவில்

நல்ல கேள்வி, தம்பி. இந்தப் பையில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் உன்னுடையது.

விடை ஒளியில் இருக்கிறது. கைவிரலை டார்ச் விளக்கின் மேல் வைத்தால் சிவப்பாகத் தெரியும் அல்லவா? கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டிய அண்மை அகச்சிவப்பு ஒளி தோலையும் எலும்பையும் இன்னும் நன்றாக ஊடுருவும். பிராண வாயு ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இதை வைத்து உயிருள்ள மூளையின் ரத்தத்தைக் கவனிக்கலாம் என்று 1977இல் எழுதியவர் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் பாயும். தலையில் ஒரு தொப்பி; தொப்பியில் ஒளியை விடும் புள்ளிகளும் திரும்பி வருவதைப் பிடிக்கும் புள்ளிகளும். அதை மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஆழத்தில் இருப்பதைப் பார்க்க முடியாது, மேற்பரப்பு மட்டும்தான். கருகருவென்ற அடர்ந்த முடி ஒளியை விழுங்கிவிடும் என்பது இன்னொரு தொல்லை. நம் ஊர்ப் பாட்டிகளின் கொண்டையை அவிழ்த்து வகிடு வகிடாகப் பிரித்துத்தான் புள்ளிகளைப் பதிக்க வேண்டியிருக்கும்.

ஜப்பானில் ஒசாகா நகரில் இச்சிரோ மியாய் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 2001இல் இந்த முறையில் நலமாக உள்ளவர்களின் நடையைப் படம்பிடித்தார்கள். உச்சந்தலைக்குக் கீழே, காலுக்கு உரிய அந்த உட்சுவர்ப் பகுதிகள் இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமமாக வேலை செய்வது தெரிந்தது. பிறகு பக்கவாதம் வந்த 8 பேரை டிரெட்மில்லில் நடக்கவைத்துப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்து, 2003இல் வெளியிட்டார்கள். முதலில் சமநிலை கெட்டுக் கிடந்தது. அடிபடாத பக்கம்தான் ஓங்கி வேலை செய்தது. நடை தேறத் தேற இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்தது. அதோடு இன்னொன்று: அடிபட்ட பக்கத்தில், அசைவைத் திட்டமிடுகிற முன்பகுதி முன்னைவிட அதிகமாக வேலை செய்தது. பெரியவர் கடைக்கு வர முடியாத நாளில் பக்கத்துக் கடைக்காரர் கணக்கைப் பார்த்துக்கொள்வதைப் போல என்று நான் பயிற்சி மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

8 பேர்தான், மறந்துவிடாதே. அதை வைத்து எல்லாப் பாட்டிகளுக்கும் சட்டம் எழுத முடியாது. ஆனால் நாங்கள் காலைத் தொட்டுச் செய்கிற வேலை எங்கே போய்ச் சேர்கிறது என்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எங்கள் தலைமுறைக்கு அப்போதுதான் கிடைத்தது.

*

கேள்வி: கணவருக்கு 54 வயது, வாதம் வந்து ஐந்து மாதம். உடலைக் கயிற்றில் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்கவைக்கும் இயந்திரம் வந்திருக்கிறது, அதில் சேர்த்தால் மூளை விழித்துக்கொள்ளும் என்கிறார்கள். நகையை அடகு வைத்தால்தான் முடியும். வைக்கலாமா?
– வாசகி, ஈரோடு

வைக்க வேண்டாம், அம்மா.

அந்த இயந்திரம் மோசடி அல்ல. விழுந்துவிடும் பயமில்லாமல் நிறைய அடிகள் வைக்க உதவும். ஆனால் அமெரிக்காவில் 408 பேரை வைத்து அதைச் சரியாகச் சோதித்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வாதம் வந்த இரண்டாம் மாதத்தில் அந்த இயந்திரம், ஒரு பிரிவுக்கு ஆறாம் மாதத்தில் அதே இயந்திரம், மூன்றாம் பிரிவுக்கு வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து கற்பிக்கும் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். எல்லோருக்கும் 36 வேளை, ஒவ்வொன்றும் 90 நிமிடம். ஓராண்டு முடிவில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். மூன்று பிரிவுகளுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. நடை மிகவும் மோசமாக இருந்தவர்களில், இயந்திரத்தில் சீக்கிரம் ஏறியவர்கள் பலமுறை விழுந்ததும் அதிகம். ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும் கடைசியில் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள் என்பதையும் கவனியுங்கள். உங்கள் வீட்டில் இப்போது ஐந்தாம் மாதம்.

'வீட்டிலேயே' என்றதும் 'நாமே பார்த்துக்கொள்ளலாம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள், நம் நாட்டிலேயே. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017இல் வெளியான முடிவு. குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரையே செய்யவைத்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் உதவியில் வாழ்பவர்களும் சேர்ந்து அந்தப் பிரிவிலும் 47 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பிரிவிலும் 47 சதவீதம். ஏற்கெனவே சமையல், வேலை, மருந்து என்று ஓடுகிற மனைவியின் தலையில் இன்னொரு வேலையை வைத்தால் நோயாளி எழுந்துவிட மாட்டார் என்றுதான் நான் அதைப் படித்தேன். தேர்ந்த ஒருவர் வாரம் இரண்டு முறையாவது வந்து பார்த்து, பயிற்சியைப் படிப்படியாகக் கடினமாக்க வேண்டும். நகையை அடகு வைக்காமலே அதற்கு வழி இருக்கும். அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

*

கேள்வி: அம்மா நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறார். பதில் சொல்லிவிட்டு மறுபடி நடக்கிறார். இது மூளைக் கோளாறா, பிடிவாதமா?
– மகன், கும்பகோணம்

பிடிவாதம் இல்லை. நமக்கெல்லாம் நடை தன்போக்கில் ஓடுகிற வேலை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி சும்மா இருக்கும், அதனால் பேசவும் கடன் கணக்குப் பார்க்கவும் முடிகிறது. வாதம் வந்தவர்களுக்கு ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பகுதி காவலுக்கு நிற்கிறது. நீங்கள் கேள்வி கேட்டால் காவலாளி கடிதம் வாங்கப் போய்விடுகிறார். நின்றுவிடுவது புத்திசாலித்தனம், நிற்காதவர்கள்தான் விழுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். ஸ்வீடனில் முதியோர் இல்லத்தில் 58 பேரைப் பார்த்து 1997இல் எழுதியதைப் படித்ததும் மாற்றிக்கொண்டேன். பேசினால் நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நின்றதால் விழவில்லை. நடை இன்னும் தன்போக்குக்கு வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

எனவே தெருவிலும் படியிலும் குளியலறையிலும் அம்மாவோடு பேசாதீர்கள். கூடத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, வேண்டுமென்றே பேசுங்கள். சுலபமானதில் தொடங்குங்கள்: நாளைக்கு என்ன குழம்பு? பிறகு கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். என் அம்மாவுக்கு வாதம் வந்தபோது நான் உறவினர் பெயர்களைக் கேட்பேன். என் அத்தை பெயர் வரும்போது மட்டும் நின்று முழுக்கதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அதை மூளைக் கோளாறாக நான் கணக்கில் எடுக்கவில்லை.

*

கேள்வி: ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது? படியில் எந்தக் கால் முதலில்?
– வாசகர், அரக்கோணம்

நல்ல கையில். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக் கால் முதலில். பின்பட்டை இல்லாத செருப்பு வேண்டாம்.

*

கேள்வி: எனக்கு வயது 67. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இடப்பக்கம் வாதம் வந்து ஏழு மாதம். வீட்டுக்குள் நடக்கிறேன். தெருமுனை டீக்கடைக்குப் போக ஆசை. இந்த வயதில் மூளை புதிதாக என்ன கற்றுக்கொள்ளும் என்று மகன் கேட்கிறான். இழுத்து இழுத்து நடப்பதைத் தெரு பார்க்குமே என்று எனக்கும் கூச்சம்.
– வாசகர், திருவாரூர்

ஐயா, உங்களைப் போல ஓர் ஆசிரியரின் கதை இருக்கிறது. பெத்ரோ பாக்-ஒய்-ரீட்டா, கவிஞர், நியூயார்க்கில் கல்லூரிப் பேராசிரியர். 1950களின் இறுதியில், அறுபத்தைந்து வயதை ஒட்டி, பக்கவாதத்தில் விழுந்தார். மருத்துவமனையில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்து, இனி ஒன்றும் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். மெக்சிகோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மகன் ஜார்ஜ், நடையைப் பற்றி ஒன்றும் தெரியாததால், குழந்தை எப்படிக் கற்கிறதோ அப்படியே தொடங்கினார். முழங்காலில் தவழவிட்டார், வாதப் பக்கத்துத் தோள் சுவரில் சாய்ந்திருக்க. வீட்டுக்கு வெளியிலும் தவழ்ந்தார் பேராசிரியர். அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். மாதக்கணக்கில் தவழ்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்து, மறுபடி பாடம் நடத்தப் போனார். சில ஆண்டுகள் கழித்து மலையேறப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். மூளையை அறுத்துப் பார்த்தபோது, மூளைத்தண்டில் பழைய சேதம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. சேதம் ஆறவில்லை, மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அவருடைய இன்னொரு மகன் பால், மூளை தன்னை மாற்றியமைத்துக்கொள்ளும் விதத்தை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். ஒருவர் கதைதான், எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு இது போதும்.

டீக்கடைக்கு வருவோம். வீட்டில் நீளமான இடத்தில் 10 மீட்டரை அளந்து, சாக்பீஸால் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பே நடக்கத் தொடங்கி, இரண்டாம் கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் போய் நில்லுங்கள். கோட்டுக்குக் கோடு எத்தனை வினாடி என்று மகன் பார்க்கட்டும். 25 வினாடிக்கு மேல் ஆனால் இன்னும் வீட்டு நடைதான். 25க்கும் 12க்கும் இடையில் வந்தால் தெருவில் குறைந்த தூரம், துணையோடு. 12க்குக் கீழே என்றால் கடைத்தெருவுக்கே போகலாம். உலகம் முழுவதும் பிசியோதெரபிஸ்டுகள் வைத்திருக்கும் கணக்கு இது. என் மொட்டைமாடியிலும் அந்த இரண்டு கோடுகள் இருக்கின்றன.

25க்குள் வந்ததும், காலை ஆறு மணிக்கு, தெருவில் வண்டிகள் குறைவாக இருக்கும்போது, மகனோடு கிளம்புங்கள். பாதி வழியில் உட்கார ஒரு திண்ணையை முன்பே பார்த்துவையுங்கள். முதல் வாரம் திண்ணைவரை மட்டும். திரும்பி வரவும் தெம்பு வேண்டும் என்பதைக் கிளம்பும் உற்சாகத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வினாடிக் கணக்கை அடுத்த இதழுக்கு முன் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள்.